நிறுத்த ஒன்றும் இல்லையா டாக்டர்?

சின்னக் குழந்தைக்குப் பேதி என்றதும் வீட்டில் முதலில் தேடப்படுவது மருந்து இல்லை, குற்றவாளி. நேற்று ராத்திரி கொடுத்த பால் கெட்டுப்போயிருந்ததா, யாராவது வெளியில் வாங்கியதை ஊட்டினார்களா, பல் முளைக்கிறதா என்று ஒரு விசாரணைக் கமிஷனே உட்கார்ந்துவிடும். கடைசியாக ஊட்டியவர் யாரோ அவர் தலையில் பழி விழும். பல சமயம் அந்தப் பட்டியலில் உள்ள எதுவுமே காரணமாக இருக்காது. ஓரிரு நாள் முன்னால் குழந்தையின் விரல் வழியாக வாய்க்குள் போன ஒரு வைரஸ்தான் காரணமாக இருக்கும். தண்ணீர் தண்ணீராகப் போவது, அதற்கு முன்னாலேயே வாந்தி, கூடவே லேசான காய்ச்சல். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வைரஸ் மேல்தான் முதல் சந்தேகம் போக வேண்டும். மலத்தில் ரத்தமோ சளியோ கலந்து வந்தால் அது வேறு கதை. பாக்டீரியாவாக இருக்கலாம், டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

பல் முளைப்புக் கதைக்கு மட்டும் ஒரு சின்ன நியாயம் உண்டு. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயது வரைதான் பல் முளைக்கும் காலம். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதும், குழந்தை தவழ ஆரம்பிப்பதும், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதும் அதே காலத்தில்தான். குழந்தைகளுக்குப் பேதியைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ் அதிகமாகப் பிடிப்பதும் இந்த வயதில்தான். இரண்டும் ஒரே சமயத்தில் வருவதால் ஒன்று இன்னொன்றைக் கொண்டுவந்த மாதிரித் தெரிகிறது. பேதிக்குக் காரணம் பல் என்று நம்பி இரண்டு நாள் சும்மா இருந்துவிடுகிறார்களே, என் கவலை அதில்தான்.

என் இளையவனுக்கு ஒன்றரை வயதில் வந்தபோது அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி, "இத்தனை தடவை போறான்கிறே, நிக்க மருந்து கேக்கலையாடி?" கேட்டிருந்தேன். டாக்டர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "நிக்க வைக்கறது நம்ம வேலை இல்லம்மா. அது தானா நிக்கும். அதுவரைக்கும் போறதை ஈடு கட்டறதுதான் நம்ம வேலை" என்றார். எந்த வைரஸ் என்று பரிசோதிக்க வேண்டாமா என்று அடுத்து கேட்டேன். எதுவாக இருந்தாலும் வைத்தியம் ஒன்றுதான், ரொம்ப நாள் இழுத்தாலோ அட்மிட் பண்ண வேண்டி வந்தாலோ பார்த்துக்கொள்ளலாம் என்றார். அன்றைக்கு அது எனக்கு அலட்சியமாகத்தான் பட்டது. அப்புறம் தேடித் தேடிப் படித்தபோதுதான் அந்த ஒரு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று புரிந்தது.

முதலில் குடலில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் குடல் வழியாக ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது லிட்டர் திரவம் போகிறது. குடிக்கிற தண்ணீர், உமிழ்நீர், இரைப்பை நீர், பித்த நீர் எல்லாம் சேர்த்து அவ்வளவு. அதில் மலத்தோடு வெளியே போவது வெறும் 100, 200 மில்லிதான். மீதியைக் குடல் உறிஞ்சி உடம்புக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. சிறுகுடலின் உட்சுவர் முழுக்க விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய புடைப்புகளில்தான் இந்த உறிஞ்சும் வேலை நடக்கிறது. ரோட்டா வைரஸ் குறிபார்த்துப் போவது அந்தப் புடைப்புகளின் நுனியில் இருக்கும் முதிர்ந்த செல்களுக்கு. நுனி அழிந்து புடைப்பு குட்டையாகிறது. அடியில் இருக்கும் இளம் செல்களுக்கோ உறிஞ்சத் தெரியாது, சுரக்கத்தான் தெரியும். உள்ளே வருவது குறைந்து வெளியே போவது கூடிவிடுகிறது.

போதாததற்கு இந்த வைரஸ் என்எஸ்பி4 என்று ஒரு புரதத்தையும் தயாரிக்கிறது. ஒரு வைரஸே நச்சைப் போல வேலை செய்யும் புரதத்தை உண்டாக்கிக் குடலைத் தண்ணீர் கொட்ட வைக்கிறது என்று 1996இல்தான் கண்டுபிடித்தார்கள். அதுவரை பாக்டீரியாக்களுக்கு மட்டுமே உரிய வித்தை அது என்று நினைத்திருந்தார்கள். நுனி செல்கள் போனால் பால் சர்க்கரையைச் செரிக்க வைக்கும் லாக்டேஸும் அவற்றோடு போகிறது. பேதி குறைந்து வரும்போது பால் கொடுத்தால் சில குழந்தைகளுக்கு மறுபடி வயிறு உப்பி, நுரை நுரையாகப் போவது இதனால்தான். பெரும்பாலும் சில நாட்களில் தானாகச் சரியாகிவிடும். தாய்ப்பாலை இதற்காக நிறுத்தவே கூடாது.

நல்ல செய்தி என்னவென்றால், குடலின் உட்சுவர் உடம்பில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்களில் ஒன்று. அடியிலிருந்து புதிய செல்கள் கிளம்பி நுனிக்கு வந்துசேர மூன்றிலிருந்து ஐந்து நாள். டாக்டர் சொன்ன "தானா நிக்கும்" என்பதன் அர்த்தம் இதுதான். குடல் தன் தோலை மாற்றிக்கொள்ளும் வரை குழந்தை வற்றாமல் இருக்க வேண்டும். இந்த வேலையை எந்த மாத்திரையாலும் சீக்கிரமாக்க முடியாது.

இவ்வளவு பரவலான ஒரு நோயின் காரணம் 1970களின் தொடக்கம் வரை யாருக்கும் தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். பேதியோடு மருத்துவமனைக்கு வரும் குழந்தைகளின் மலத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள், பெரும்பாலும் எதுவும் அகப்படாது. 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப்பும் அவருடைய சகாக்களும் அப்படிப்பட்ட குழந்தைகளின் முன்சிறுகுடலிலிருந்து துளித் திசு எடுத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்தார்கள். செல்களுக்குள் வைரஸ் துகள்கள் நிறைந்து கிடந்தன. சக்கரம் போலத் தெரிந்ததால் பிரிட்டனில் தாமஸ் ஃப்ளூவெட் அதற்கு ரோட்டா என்று பெயர் வைத்தார். அதற்குச் சற்று முன்னால், 1968இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற ஊரில் ஒரு தொடக்கப்பள்ளியில் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கும்பலாக வாந்தி எடுத்தார்கள். அங்கே சேகரித்து வைத்த மலத்திலிருந்து 1972இல் ஆல்பர்ட் கபிக்கியன் கண்டெடுத்ததுதான் இன்றைய நோரோ வைரஸ். 1975இல் ஆஸ்ட்ரோ வைரஸ் தெரியவந்தது. ஜப்பானின் சப்போரோவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் பரவிய நோயிலிருந்து சப்போ வைரஸ். அடினோ வைரஸ்களில் 40, 41 என்ற இரண்டு வகைகள் குடலுக்கென்றே இருக்கின்றன.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது? வைத்தியம் மாறாது, உண்மைதான். ஆனால் பெயர் ஒரு காலண்டரைக் கையில் கொடுக்கிறது, பெற்றவர்களுக்கு அது பெரிய விஷயம். ரோட்டா என்றால் கிருமி உள்ளே போய் சுமார் இரண்டு நாளில் ஆரம்பிக்கும். முதல் நாள் வாந்தியும் காய்ச்சலும், பிறகு பேதி மூன்றிலிருந்து எட்டு நாள் வரைகூட. மூன்றாம் நாளும் நிற்கவில்லையே என்று டாக்டரை மாற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நான்காம் நாள் போன புது டாக்டருக்கு ஐந்தாம் நாள் கைராசிக்காரர் என்று பெயர் கிடைக்கும். நோரோ வேறு மாதிரி. 12லிருந்து 48 மணி நேரத்துக்குள் பிடித்துக்கொள்ளும், வாந்தி பயங்கரமாக இருக்கும், ஒன்றிலிருந்து மூன்று நாளில் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். வீட்டில் பெரியவர்களையும் வரிசையாகப் படுக்கவைப்பது இதுதான். குடல் அடினோ மெதுவானது. எட்டு பத்து நாள் உள்ளேயே பதுங்கியிருந்து வெளிவரும், பேதி ஒரு வாரத்துக்கு மேலும் இழுக்கும். ஆஸ்ட்ரோ பொதுவாக லேசானது, வந்ததே தெரியாமல் போய்விடும்.

இனி அந்த ஈடு கட்டும் வேலை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் மருந்துக் கடையில் மிக மலிவான சரக்குகளில் ஒன்று என்பதாலோ என்னவோ, அதற்கு மரியாதை இல்லை. "வெறும் உப்பு சர்க்கரைத் தண்ணிதானே" என்பார்கள். குடலில் உப்புக்கும் குளுக்கோஸுக்கும் பொதுவாக ஒரு கதவு இருக்கிறது. இருவரும் ஜோடியாக வந்தால்தான் திறக்கும். அவர்கள் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். 1960இல் பிராகில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் இதை முன்வைத்தார். இதில் விசேஷம், பேதி கடுமையாக இருக்கும்போதுகூட இந்தக் கதவு போதிய அளவு வேலை செய்கிறது. காலராவில் இதை 1968இல் டாக்காவில் சோதித்துக் காட்டினார்கள். 1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையை ஒட்டி மேற்கு வங்கத்தில் இருக்கும் பன்கானில் அகதிகள் முகாமில் காலரா பரவியது. ஏற்றுவதற்கு சலைன் பாட்டில்கள் தீர்ந்துபோன நிலையில் டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் பெரிய டிரம்களில் இந்தக் கரைசலைக் கலக்கி வைத்து, கூட வந்த சொந்தக்காரர்களையே கோப்பையில் எடுத்து ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 3.6 சதவீதமாக இறங்கியது. 'வெறும் தண்ணி' செய்த வேலை இது.

கணக்கும் முக்கியம். 2002 முதல் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். முன்பு இருந்ததைவிட உப்பும் சர்க்கரையும் குறைவு, குழந்தைகளுக்கு வாந்தியும் குறைகிறது. பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அத்தனை மில்லி தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் போட வேண்டும். குழந்தை கொஞ்சம்தானே குடிக்கும் என்று ஒரு டம்ளரில் கண் அளவாகத் தூளைக் கொட்டினால் உப்பு ஏறிவிடும், ஆபத்து. கலக்கியதை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. பழ ஜூஸ், சோடா, கடையில் ஓ.ஆர்.எஸ். மாதிரியே டப்பா போட்டு விற்கும் இனிப்புப் பானங்கள் எதுவும் இதற்கு மாற்று இல்லை. அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அந்தச் சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இன்னும் இழுத்துப் பேதியைக் கூட்டும்.

கொடுக்கும் விதம் பற்றி எந்தப் பாக்கெட்டும் போதுமான அளவு சொல்வதில்லை. வாந்தி எடுக்கும் குழந்தை தாகத்தில் டம்ளரைப் பிடுங்கும். பாவமாக இருக்கிறதே என்று ஒரே மூச்சில் குடிக்க விட்டால் அத்தனையும் வெளியே வரும், "தண்ணிகூடத் தங்கலை" என்று வீடே கலங்கிவிடும். ஒரு டீஸ்பூன், ஒன்றிரண்டு நிமிடம் விட்டு இன்னொரு டீஸ்பூன், அவ்வளவுதான். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, இன்னும் மெதுவாக மறுபடி ஆரம்பிக்க வேண்டும். மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையில் ஸ்பூன், இன்னொரு கையில் போனில் டைமர் என்று ஒரு ராத்திரி முழுக்க நான் உட்கார்ந்திருந்தேன். முதல் ஒரு மணி நேரம் ஸ்பூனைத் தட்டிவிட்டான், சட்டை முழுக்கப் பிசுபிசுப்பு. ஊசி இல்லாத சிரிஞ்சில் கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டபோது விழுங்கினான். விடியற்காலையில் டயப்பரைத் தொட்டுப் பார்த்தால் கனமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன், மூத்திர வாடைதான். மூத்திர வாடைக்காக ஒருத்தி சந்தோஷப்படுவாள் என்று அதற்கு முன் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

எத்தனை தடவை போனான் என்று எண்ணுவதைவிட எத்தனை தடவை மூத்திரம் போனான் என்று எண்ணுவதே உபயோகமானது. அளவு வேண்டுமென்றால், ஒவ்வொரு முறை தண்ணீராகப் போன பிறகும் இரண்டு வயதுக்குக் கீழே 50லிருந்து 100 மில்லி, அதற்கு மேலே 100லிருந்து 200 மில்லி. சாப்பாட்டை நிறுத்தக் கூடாது. பட்டினி போட்டால் குடல் ஆறுவது தள்ளிப்போகும். பசிக்கிறபோது வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கலாம்.

ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களைக் கொன்று அதுவே இன்னொரு பேதிக்கு வழிவிடலாம். ஆனாலும் ஏதாவது ஒரு மருந்துச் சீட்டோடு வெளியே வந்தால்தான் டாக்டரைப் பார்த்த திருப்தி நமக்கு. பெரியவர்கள் சாப்பிடும் லோபெரமைடு போன்ற, பேதியை 'நிறுத்தும்' மாத்திரைகளை உடைத்துச் சின்னக் குழந்தைக்குக் கொடுப்பது ரொம்ப ஆபத்து. குடலின் அசைவை அது முடக்கிவிடும். போவது வெளியே தெரியாது, ஆனால் தண்ணீர் குடலுக்குள் தேங்கி நிற்கும். எண்ணிக்கை குறைந்ததைப் பார்த்து நாம் நிம்மதியாக இருப்போம், குழந்தை உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்தால் ஜிங்க் நல்லது. 10 முதல் 14 நாள் வரை கொடுப்பார்கள், பேதி நின்ற பிறகும் அந்தக் கெடு முடியும்வரை கொடுக்க வேண்டும். வாந்தி அடங்கவே இல்லை என்றால் அதற்கும் டாக்டர் கொடுக்கும் மருந்து உண்டு.

எப்போது வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்? ஆறு எட்டு மணி நேரமாக மூத்திரம் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, வாய் வறண்டிருக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்புகிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, கூப்பிட்டால் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, குடிக்க முடியவில்லை, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி. இதில் ஒன்று தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் இவ்வளவு தூரமே வரக்கூடாது, முன்கூட்டியே காட்டிவிட வேண்டும். அதிகம் அழும் குழந்தையைவிடச் சத்தமில்லாமல் கிடக்கும் குழந்தையைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

சுத்தமாக இருந்தால் வராது என்று நினைப்பவர்களுக்கு ரோட்டா ஒரு குட்டு வைக்கிறது. தடுப்பு மருந்து வருவதற்கு முன் பணக்கார நாடு, ஏழை நாடு என்று பார்க்காமல் உலகில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் ஒரு தடவையாவது தொட்டிருந்தது. பத்திலிருந்து நூறு துகள்கள் உள்ளே போனாலே போதும், நோய் வந்த குழந்தையின் ஒரு கிராம் மலத்தில் கோடிக்கணக்கில் வெளியே வருகின்றன. கைகழுவுவது வீண் என்று சொல்லவில்லை, அது மட்டும் போதாது என்கிறேன். நோரோவுக்கு ஒரு தகவல்: பையில் வைத்திருக்கும் ஆல்கஹால் ஜெல் அதன் முன் அவ்வளவாக எடுபடாது. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், வாந்தி விழுந்த தரையைக் குளோரின் கலந்த கரைசலால் துடைக்க வேண்டும்.

ரோட்டாவை மடக்கியது சொட்டு மருந்துதான். மெக்சிகோவில் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து 1996இல் வெளியான ஓர் ஆய்வு, இரண்டு முறை தொற்று வந்துபோன குழந்தைக்கு அதற்கப்புறம் கடுமையான ரோட்டா பேதி வரவே இல்லை என்று காட்டியது. அந்த முதல் இரண்டு சண்டைகளையும் ஆபத்தில்லாத ஒரு வைரஸோடு போட வைப்பதுதான் தடுப்பு மருந்தின் யோசனை. பாதை நேராக இல்லை. 1998இல் அமெரிக்காவில் வந்த முதல் தடுப்பு மருந்தால் சில குழந்தைகளுக்குக் குடல் குடலுக்குள்ளேயே செருகிக்கொண்டதால், அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றுவிட்டார்கள். அடுத்து வந்த இரண்டையும் தலைக்கு 60,000 குழந்தைகளுக்கு மேல் சோதித்துப் பார்த்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தில்லி எய்ம்ஸில் 1980களில் நோய் அறிகுறியே இல்லாத பச்சிளம் குழந்தைகளிடம் கிடைத்த 116இ என்ற வகையை வைத்து இந்தியாவில் ஒன்று தயாராகி, 2014இல் அனுமதி பெற்றது. உலகில் ரோட்டாவால் இறந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை 2000இல் ஐந்து லட்சத்துக்கு மேல் என்றும், 2013இல் சுமார் 2,15,000 என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். இந்தக் குறைவில் தடுப்பு மருந்துக்கு மட்டுமில்லாமல் ஓ.ஆர்.எஸ்., நல்ல தண்ணீர், ஊட்டம் எல்லாவற்றுக்கும் பங்குண்டு.

சொட்டு மருந்து போட்டும் பேதி வந்துவிட்டதே என்று சலித்துக்கொள்பவர்களுக்கு: அது ரோட்டாவுக்கு மட்டும்தான். அதிலும் தொற்றே வராமல் தடுப்பதைவிட, வந்தாலும் மருத்துவமனை வரை போகாமல் பார்த்துக்கொள்வதில்தான் அது கெட்டி. ரோட்டா ஒதுங்கிய நாடுகள் சிலவற்றில் இன்று முதலிடம் நோரோவுக்கு. அதை ஆய்வுக்கூடத்தில் மனிதக் குடல் செல்களில் வளர்க்கும் வழியே 2016இல்தான் கிடைத்தது. ஒரு வகை அடங்குவதற்குள் இன்னொரு வகை தலையெடுக்கிறது.

குழந்தை சரியானதும் காப்பகத்துக்கோ மழலையர் பள்ளிக்கோ எப்போது அனுப்பலாம் என்பதில்தான் எல்லா வீட்டிலும் சண்டை. கடைசி வாந்தியும் கடைசிப் பேதியும் நின்று 48 மணி நேரம் கழித்து என்பது பல இடங்களிலும் சொல்லும் கணக்கு. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு நாள் லீவு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவசரப்பட்டு அனுப்பிய குழந்தை அங்கே நாலு பேருக்குக் கொடுத்து, அவர்கள் நாற்பது பேருக்குக் கொடுப்பார்கள். அந்த 48 மணி நேரத்துக்குப் பிறகும் மலத்தில் வைரஸ் கொஞ்ச நாள் வந்துகொண்டுதான் இருக்கும். அதனால் ஒவ்வொரு டயப்பர் மாற்றிய பிறகும் சோப்புப் போட்டுக் கைகழுவுவதை இன்னும் இரண்டு வாரத்துக்காவது விடாதீர்கள். அதே இரண்டு வாரம் குழந்தைக்குத் தினமும் ஒரு வேளைச் சாப்பாடு கூடுதலாகக் கொடுங்கள், இறங்கிய எடை ஏறிவிடும்.